திரைப்படத்திலிருந்து பிறந்த வீடியோ கேம்கள்: எது தேறியது, எது தேறவில்லை, ஏன்?

"திரைப்படங்களை வைத்து உருவாக்கப்படும் வீடியோ கேம்கள் ஏன் பெரும்பாலும் ஏமாற்றமாகவே முடிகின்றன? படத்துக்கு ஈடாகவோ, படத்தைவிட மேலாகவோ நிற்கக்கூடிய கேம் ஏதாவது உண்டா?" என்பது கேள்வி.

உண்டு. விரல்விட்டு எண்ணினால் இரண்டு கை விரல்களும் போதாது. சிறுவயதிலிருந்து இந்த வகை கேம்களைத் தேடித் தேடி ஆடிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குள் ஓர் அளவுகோல் உருவாகியிருக்கிறது. ஒரு படம் பார்க்கும்போது நம் கை எதற்காகவோ துறுதுறுக்கும். ஸ்பைடர்மேன் கட்டடத்துக்குக் கட்டடம் ஊசலாடும்போது நாமும் ஒருமுறை ஆடிப் பார்க்கத் தோன்றும். ஏலியன் படத்தில் இருட்டு நடைபாதையில் ஒருவர் தனியாகப் போகும்போது, போகாதே, அந்த அலமாரிக்குள் ஒளிந்துகொள் என்று கத்தத் தோன்றும். அந்தத் துறுதுறுப்பு எது என்று கண்டுபிடித்து அதை நம் விரல்களுக்குக் கொடுத்த கேம்கள் தேறின. கதையைக் காட்சி காட்சியாக ஒப்பித்தவை தேறவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், அதைக் கண்டுபிடிக்கத் தயாரிப்பாளர்களுக்கு நேரம் கிடைத்ததா என்பது இருக்கிறது. எனவே நேரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தப் பேச்சு எழுந்தாலே எல்லோரும் முதலில் இழுப்பது 1982-இல் அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் கருவிக்காக வந்த ஈ.டி. கேமைத்தான். உலகின் மிக மோசமான வீடியோ கேம் என்ற பட்டத்தை அதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா கைதேர்ந்த நிரலாளர். அவருடைய முதல் கேமான யார்ஸ் ரிவெஞ்ச் அட்டாரியின் சிறந்த கேம்களில் ஒன்று. இண்டியானா ஜோன்ஸின் முதல் படத்தையும் அவரே கேமாக்கியிருந்தார். அந்த இரண்டு கேம்களுக்கும் அவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் கிடைத்தது. ஈ.டி. படத்துக்கான உரிமப் பேச்சு ஜூலை கடைசியில்தான் முடிந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைகளில் சரக்கு இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் நிரல் தயாராகிவிட வேண்டும். ஆக, அவர் கையில் இருந்தது ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரத்தில் அவர் செய்ததை இன்று ஆடிப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. பூமியில் தனியே விடப்பட்ட வேற்றுக்கிரகவாசி ஈ.டி. தன் கிரகத்தோடு பேசுவதற்கான தொலைபேசியின் மூன்று பாகங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும், அதுதான் ஆட்டம். படத்தின் உயிரான விஷயத்தை, வீட்டுக்குப் போக வேண்டும் என்ற தவிப்பை, அவர் சரியாகவே பிடித்திருக்கிறார். கெடுத்தது குழிகள். பாகங்கள் குழிகளுக்குள் கிடக்கின்றன, ஈ.டி.யின் உருவத்தில் ஒரு புள்ளி குழியின் விளிம்பில் பட்டாலும் உள்ளே விழுந்துவிடுகிறது. கழுத்தை நீட்டி மெல்ல மிதந்து மேலே வருகிறீர்கள், வந்த வேகத்தில் மறுபடி விளிம்பில் பட்டு அதே குழிக்குள் விழுகிறீர்கள். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால், நாலு பேரிடம் கொடுத்து ஆடச் சொல்லியிருந்தால், முதல் நாளே இது தெரிந்து சரியாகியிருக்கும். விற்காமல் போன கேட்ரிட்ஜ்களை, அதாவது கேம் பதிந்த பெட்டிகளை, 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். அது வெறும் கட்டுக்கதை என்று நீண்ட காலம் பலர் சொல்லிவந்தார்கள். 2014-இல் தோண்டியபோது ஈ.டி. வெளியே வந்தது, கூடவே அட்டாரியின் வேறு பல கேம்களும் வந்தன. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்கு இந்த ஒரு கேமைக் குற்றம் சாட்டுவது அநியாயம். தரமில்லாத சரக்கு அளவுக்கு மீறிக் கடைகளில் குவிந்திருந்த காலம் அது.

அந்த ஐந்து வார நெருக்கடியின் ஏதோ ஒரு வடிவம் அடுத்த முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது. படம் வெளியாகும் நாளை யாரும் கேமுக்காகத் தள்ளிப்போட மாட்டார்கள். படம் வெளியாகும் அன்றே கேமும் கடைக்கு வந்தால்தான் விளம்பரத்தின் பலன் கிடைக்கும். ஆகவே கேம் செய்பவர்கள் முடியாத திரைக்கதையை வைத்துக்கொண்டு, படத்தொகுப்பில் எந்தக் காட்சி தங்கும், எது போகும் என்று தெரியாமலே லெவல்களைக் கட்டினார்கள். படத்தில் வெட்டப்பட்ட காட்சி கேமில் ஒரு முழு லெவலாக நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது கோல்டன்ஐ 007. ஜேம்ஸ் பாண்ட் படம் 1995 நவம்பரில் வந்தது. ரேர் நிறுவனம் செய்த கேம் நிண்டெண்டோ 64 கருவியில் 1997 ஆகஸ்டில்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு தாமதம்! வியாபாரக் கணக்குப்படி அது செத்துப் பிறந்திருக்க வேண்டும். ஆனால் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மார்ட்டின் ஹோலிஸ் தலைமையிலான அந்தச் சிறு குழுவில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் கேம். படப்பிடிப்புத் தளத்துக்குப் போய் அரங்குகளைப் படம்பிடித்து வந்து, அந்தக் கட்டடங்களைக் கட்டடங்களாகவே முதலில் எழுப்பினார்கள். ஆட்டக்காரர் எங்கே தொடங்குவார், எப்படி வெளியேறுவார் என்பதையெல்லாம் பிறகுதான் யோசித்தார்கள். அதனால் அந்த லெவல்களில் எதற்கும் பயன்படாத அறைகள் இருக்கின்றன. நிஜக் கட்டடத்தில் அப்படித்தானே இருக்கும்? ஆளில்லாத ஓர் அறைக்குள் நுழைந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, உளவாளி ஒருவன் அந்நிய இடத்தில் தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடிக்கும் உணர்வு தானாகவே வந்துவிடுகிறது.

படத்தின் தொடக்கத்தில் பாண்ட் ஓர் அணையின் உச்சியிலிருந்து கயிறு கட்டிக் குதிப்பார். பிறகு ரசாயன ஆலையின் கழிப்பறை வழியாக உள்ளே நுழைவார். திரையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பகுதியைக் கேம் இரண்டு முழு லெவல்களாக விரித்திருக்கிறது. அணை லெவலில் காவல் கோபுரங்கள், லாரி, சுரங்கப்பாதை எல்லாவற்றையும் கடந்து கடைசியில் விளிம்புக்கு வந்து குதிக்கிறோம். அடுத்த லெவலில் காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்து போகிறோம். கீழே கழிப்பறைத் தடுப்புக்குள் ஒரு காவலாளி, எதுவும் தெரியாமல். அந்த ஒரு கணத்தில், படத்தில் சிரிப்புக் காட்சியாக இருந்தது நம் கையில் ஒரு முடிவாகிவிடுகிறது. சத்தம் வராமல் இறங்குவதா, சுட்டுவிட்டு ஆலை முழுவதையும் உசுப்பிவிடுவதா? கடினநிலையைக் கூட்டினால் எதிரிகளின் பலம் மட்டும் கூடாமல், செய்து முடிக்க வேண்டிய பணிகளும் கூடும். ஒரே இடம் மூன்று விதமான வேலையாக மாறும். நாலு பேர் ஒரே திரையைப் பங்குபோட்டு ஒருவரையொருவர் வேட்டையாடும் பகுதியைத் தயாரிப்பின் கடைசி மாதங்களில்தான் சேர்த்தார்கள். அது படத்தில் எங்குமே இல்லாதது. கேமைப் பற்றிப் பேசும் பலருக்கு இன்று நினைவிருப்பதும் அதுதான்.

படத்தோடு வைத்துப் பார்த்தால், கதை சொல்லும் விதத்தில் கேம் மிகவும் பின்தங்கியதுதான். பாத்திரங்களின் முகங்கள் அட்டையில் ஒட்டிய புகைப்படம் போல இருக்கும், குரலே கிடையாது. இருந்தும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு முதலில் மனத்தில் வருவது கேமின் அணைதான். அடுத்த பாண்ட் படத்தின் கேம் வேறொரு நிறுவனத்தின் கையில் 1999-இல் வந்தது. கதையை ஒழுங்காகத்தான் சொன்னது. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஒரே படத்திலிருந்து இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இரண்டு கேம்கள் செய்தால் என்னவாகும்? ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. 1993-இல் டிஸ்னியின் அலாதீன் அப்படி வந்தது. சேகா மெகா டிரைவ் கருவியில் ஒன்று, டேவிட் பெர்ரியின் குழு செய்தது. அதன் போட்டிக் கருவியான சூப்பர் நிண்டெண்டோவில் மற்றொன்று, கேப்காம் நிறுவனத்தில் ஷின்ஜி மிகாமி வடிவமைத்தது. இவர்தான் பின்னாளில் ரெசிடென்ட் ஈவில் என்ற புகழ்பெற்ற திகில் கேமைத் தந்தவர். சேகா பதிப்பில் டிஸ்னியின் ஓவியர்களே அசைவுகளைக் கையால் வரைந்து தந்தார்கள். அலாதீன் ஓடும்போது கால்சட்டை காற்றில் உப்புவது, தணல் மேல் கால் வைத்ததும் துள்ளுவது எல்லாம் படத்திலிருந்து அப்படியே இறங்கிவந்தது போலிருக்கும். ஆனால் அவன் கையில் ஒரு வாள் இருக்கிறது. எதிரே வருகிறவனை வெட்டிக்கொண்டே போகிறான். கேப்காம் பதிப்பில் வாள் இல்லை. எதிரியின் தலைமேல் குதித்து அடுத்த கம்பத்தைப் பிடித்து, ஒரு சுழற்சி சுழன்று, மேலே எழும்பி, ஒரு துணியை விரித்துப் பிடித்தபடி மெதுவாக இறங்குகிறான்.

எது நல்லது என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சேகா பதிப்பின் அழகுக்கு முன்னால் மற்றது நிற்காது. மிகாமியே பிறகு ஒரு பேட்டியில் சேகா பதிப்பைப் பாராட்டிப் பேசியிருக்கிறார். ஆனால் என் வாக்கு கேப்காமுக்குத்தான். படத்தின் சந்தைக் காட்சியில் அலாதீன் யாரையும் வெட்டி வீழ்த்துவதில்லை. ரொட்டியைத் திருடிக்கொண்டு கூரை கூரையாகத் தாவித் தப்பிக்கிறான். பிடிபடாமல் நழுவும் அந்தச் சுகம்தான் அந்தப் பாத்திரம். சேகா பதிப்பு படத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது, கேப்காம் பதிப்பு படத்தின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே மதியத்தில் அடுத்தடுத்து ஆடியபோதுதான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாமே அந்த மதியத்திலிருந்து கிளைத்ததுதான்.

அடுத்த ஆண்டு வந்த லயன் கிங் கேமும் பார்க்க அத்தனை அழகு. ஆனால் இரண்டாவது லெவலிலேயே குரங்குகள் குட்டிச் சிங்கத்தைத் தூக்கி எறியும் புதிரில் எத்தனையோ குழந்தைகள் மாட்டிக்கொண்டார்கள். வாடகைக்கு எடுத்துப்போய் இரண்டு நாளில் முடித்துத் திருப்பித் தந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது அவ்வளவு கடினமாக்கப்பட்டது என்று அதைச் செய்த வெஸ்ட்வுட் நிறுவனத்தின் இணை நிறுவனர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். சின்னக் குழந்தைகளுக்கான படத்தின் கேமில் இப்படிச் செய்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கை துறுதுறுப்புக்கு நான் காட்டும் முதல் சான்று 2004-இல் ட்ரேயார்க் நிறுவனம் செய்த ஸ்பைடர்மேன் 2. அதற்கு முந்தைய கேமில் வலை எதில் ஒட்டுகிறது என்றே தெரியாது. வானத்தில் கொக்கி இருப்பது போல ஊசலாடலாம். ஜேமி ஃபிரிஸ்ட்ராம் என்ற வடிவமைப்பாளர், வலை நிஜமாகவே ஒரு கட்டடத்தில் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதமாக ஒரு மாதிரியைச் செய்து காட்டினார். அதிலிருந்து எல்லாம் மாறிப்போனது. ஊசலின் அடிப்புள்ளியில் வேகம் கூடுகிறது. மேலே எழும் வேளையில் வலையை விட்டால் உயரத்துக்கு வீசப்படுகிறோம். கொஞ்சம் முன்னால் விட்டால் தெருவை நோக்கிப் பாய்கிறோம். உயரக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் வீதிகளில் பறக்கிறோம். சென்ட்ரல் பார்க்குக்கு வந்தால் பிடிக்க எதுவும் இல்லாமல் மரங்களுக்கிடையே தடுமாறுகிறோம். ஊர் முழுக்கச் சுற்றிவருவதே ஆட்டமாகிவிட்டது.

மற்ற அம்சங்களில் அந்தக் கேம் சாதாரணம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பலூனைத் தவறவிட்ட சிறுவன் அழுதுகொண்டே இருப்பான், அதைப் பிடித்துத் தர வேண்டும். இதே வேலை திரும்பத் திரும்ப வரும். படத்தின் வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் துயரமெல்லாம் கேமில் வெறும் சுருக்கம். சாம் ரைமியின் படத்தில் ஓடும் ரயிலை உடலால் தடுத்து நிறுத்திவிட்டு மயங்கி விழும் பீட்டரைப் பயணிகள் கைமேல் தாங்கிப் படுக்கவைப்பார்களே, அந்த உருக்கத்தைக் கேமால் தொடவே முடியவில்லை. ஆனால் ஊசலாட்டத்தின் ஆனந்தத்தைப் படத்தால் கேம் அளவுக்குத் தர முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. இன்னொன்று: இதே பெயரில் கணினிக்கு வந்த பதிப்பு முற்றிலும் வேறு கேம், வேறு நிறுவனம் சிறுவர்களுக்காக எளிமையாக்கிச் செய்தது. அதில் இந்த ஊசலாட்டம் கிடையாது. அதை மட்டும் ஆடிவிட்டு, இதையா இவ்வளவு புகழ்கிறார்கள் என்று வியந்தவர்கள் ஏராளம்.

படத்தின் கதையையே தொடாமல் பக்கத்தில் நின்று வென்றவை இன்னொரு வகை. அதே 2004-இல், வின் டீசல் ரிடிக் என்ற குற்றவாளியாக நடித்த படத்தோடு ஸ்டார்பிரீஸ் நிறுவனம் செய்த கேம் வந்தது. படம் விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. கேம் அந்த ஆண்டின் சிறந்தவற்றுள் ஒன்று. படத்தின் கதை விண்வெளிப் பேரரசு, தீர்க்கதரிசனம் என்று எங்கெங்கோ போகிறது. கேம் ரிடிக்கை ஒரே ஒரு சிறைக்குள் அடைத்துவைக்கிறது, முந்தைய படங்களுக்கெல்லாம் முன்பு நடந்த கதையாக. இருட்டில் பார்க்கும் கண் அவனுக்கு எப்படி வந்தது என்பதை அங்கே நாமே வாழ்ந்து பார்க்கிறோம். அந்தக் கண் கிடைத்த பிறகு விளக்குகள்தான் எதிரி. வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது; விளக்கை உடைத்தால் அறை நம்முடையதாகிவிடுகிறது. ஒரு பாத்திரத்தின் ஒரே குணத்தை எடுத்து ஆட்டத்தின் விதியாகவே மாற்றியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1997-இல் வெஸ்ட்வுட் செய்த பிளேடு ரன்னர் கேமும் அப்படித்தான். படத்தின் நாயகனைத் தொடாமல், அதே நகரத்தில் அதே நாட்களில் வேலை செய்யும் வேறொரு துப்பறிவாளரைத் தந்தது. யார் மனிதர், யார் செயற்கை மனிதர் என்பது ஒவ்வொரு முறை ஆடும்போதும் மாறக்கூடும். படம் பார்த்தபோது மனத்தில் தங்கிய சந்தேகத்தை அது தீர்த்துவைக்கவில்லை. நம் தலையிலேயே ஏற்றிவிட்டது.

2005-இன் கிங் காங் கேமுக்கு வடிவமைப்பாளர் மிஷேல் ஆன்செலைப் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனே விரும்பித் தேர்ந்தெடுத்தார். திரையில் எண்களோ, உயிர்க்கோடோ, எதுவும் இல்லை. துப்பாக்கியில் எத்தனை தோட்டா மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நாயகன் வாய்விட்டுச் சொல்வான். தோட்டா தீர்ந்தால் கீழே கிடக்கும் எலும்பைப் பொறுக்கி எறிய வேண்டும். ஈட்டி முனையில் ஒரு பூச்சியைக் குத்தி வீசினால், துரத்திவரும் மிருகங்கள் அதன் பின்னால் ஓடும். அந்த இடைவெளியில் நாம் ஓடலாம். அடுத்த கணமே ராட்சதக் குரங்கான காங்கின் உடலுக்குள் நுழைகிறோம்: நம்மை விரட்டிய மிருகத்தின் தாடையைப் பிளக்கிறோம். அற்பமானவனாகவும் பேருருவாகவும் மாறி மாறி இருப்பதுதான் அந்தப் படத்தின் சாரம். மூன்று மணி நேரம் ஓடும் படத்தைவிட அதைக் கேம் சுருக்கமாகவும் கூர்மையாகவும் சொல்லிவிட்டது என்பது என் எண்ணம். முயன்றால் காங்கைச் சாவிலிருந்து காப்பாற்றும் மாற்று முடிவும் உண்டு.

முடிவு என்றதும் மேட்ரிக்ஸ் நினைவுக்கு வருகிறது. 2003-இல் இரண்டாம் படத்தோடு வந்த என்டர் த மேட்ரிக்ஸ் கேமுக்காக வச்சோவ்ஸ்கி இயக்குநர்கள் சுமார் ஒரு மணி நேரக் காட்சிகளைத் தனியாகவே எழுதி, இயக்கி, நடிகர்களை வைத்துப் படம்பிடித்தார்கள். படத்தில் ஓரமாக நிற்கும் நயோபியும் கோஸ்ட்டும்தான் அதில் நாயகர்கள். இப்படி ஒரு முயற்சி அதற்கு முன் நடந்ததில்லை. ஆனால் படத்தோடு ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையால் கேம் அரைவேக்காடாக வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, படங்களின் நாயகன் நியோவையே நாயகனாக வைத்து வந்த கேமில் இன்னும் சுவையான விஷயம் இருக்கிறது. கடைசிப் படத்தில் நியோ தன்னை ஒப்புக்கொடுத்து உயிரை விடுவான். கேமின் முடிவுக்குச் சற்று முன்பு இயக்குநர்களே திரையில் சிறு உருவங்களாகத் தோன்றி, தியாகம் படத்துக்குப் பொருந்தும், கேமுக்குப் பொருந்தாது என்று விளக்கி, பிரம்மாண்டமான ஒரு சண்டையை வைத்துவிடுகிறார்கள். பத்து மணி நேரம் போராடியவரிடம் கடைசியில் சும்மா நின்று சாகச் சொல்ல முடியாது என்பதைப் படத்தை எடுத்தவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் சரி.

இனி நான் மிகவும் நேசிக்கும் ஒன்று. 2014-இல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் செய்த ஏலியன்: ஐசோலேஷன். ரிட்லி ஸ்காட்டின் படம் வந்தது 1979-இல்; இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். அவ்வளவு காலத்தில் ஏலியன் கேம்கள் டஜன் கணக்கில் வந்திருந்தன. அவை பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் கூட்டம் கூட்டமாக ஏலியன்களைச் சுட்டுத் தள்ளுபவை. 1986-இன் இரண்டாம் படத்தைப் பின்பற்றியவை. முதல் படத்தில் இருப்பது ஒரே ஒரு ஏலியன், அதைக் கொல்ல வழியில்லை. அந்தப் பயத்தை ஆட்டமாக்கப் பெரும்பாலோருக்குத் துணிவு வரவில்லை. இந்தக் குழு துணிந்தது.

அந்த ஏலியனுக்குள் இரண்டு அறிவுகள் இயங்குகின்றன. ஒன்று மேலிருந்து பார்ப்பது: ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்று அதற்கு எப்போதும் தெரியும். மற்றொன்று ஏலியனுடையது: தன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது மட்டுமே அதற்குத் தெரியும். மேலே இருப்பது கீழே இருப்பதற்கு, இந்தப் பக்கமாகப் போய்ப் பார் என்று அவ்வப்போது ஜாடை மட்டும் காட்டும், இடத்தைக் காட்டிக்கொடுக்காது. நாம் வெகுநேரம் நடுங்கிவிட்டோம் என்று தெரிந்தால் அதைச் சற்றுத் தள்ளி அனுப்பும். அதனால் ஏலியன் எப்போதும் அருகிலேயே திரிகிறது, ஆனால் எப்போது வரும் என்று கணிக்கவே முடிவதில்லை. அலமாரிக்குள் மூச்சைப் பிடித்து நிற்கிறோம். கதவின் கீற்று வழியே அதன் வால் மெல்ல நகர்வது தெரிகிறது. கையிலிருக்கும் அசைவு காட்டும் கருவியைப் பார்த்தால் பார்வை அதில் குவிந்து எதிரே இருப்பது மங்கிவிடுகிறது. எதிரே பார்த்தால் கருவி மங்கிவிடுகிறது. விளையாட்டைச் சேமிப்பதற்கும் சுவரில் உள்ள ஒரு பெட்டியில் அட்டையைச் செருகிச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கலாம்.

படத்தின் ஆவணக்கிடங்கிலிருந்து மூன்று டெராபைட் அளவுக்கு வரைபடங்கள், புகைப்படங்கள், ஒலிகள் அவர்களுக்குக் கிடைத்தன. 1979-இல் எதிர்காலம் எப்படிக் கற்பனை செய்யப்பட்டதோ, அந்த எல்லைக்குள்ளேயே நின்றார்கள். தடித்த திரைகள், பச்சை எழுத்துகள், தடதடக்கும் பொத்தான்கள். திரைகளில் தெரியும் கோடுகளும் இரைச்சலும் நிஜமாக இருக்க வேண்டும் என்று காட்சிகளை வி.எச்.எஸ். நாடாவில் பதிந்து, பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிட்டு, அதைத் திரும்பப் படம்பிடித்திருக்கிறார்கள். குறை ஒன்று உண்டு: நீளம். படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது; கேம் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் பயம் சோர்வாக மாறிவிடுகிறது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2013-இல் வந்த ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் இதற்கு நேர்மாறு. இரண்டாம் படத்தின் தொடர்ச்சி என்ற பெரிய வாக்குறுதியோடு வந்து, நகைப்புக்கு இடமாகிப்போனது. ஏலியன்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். நம் முன்னால் வந்து சும்மா வேடிக்கை பார்க்கும். பல ஆண்டுகள் கழித்து, கேமின் அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லில் ஆங்கில 'ஏ' எழுத்து ஒன்று கூடுதலாக இருந்ததை ஓர் ஆட்டக்காரர் கண்டுபிடித்தார். 'டெதர்' என்று இருக்க வேண்டிய சொல் அது. ஏலியன்களை இடத்தோடு பொருத்தி, சுற்றி வளைத்துத் தாக்கவைக்கும் கட்டளை அந்த ஓர் எழுத்துப் பிழையால் வேலை செய்யாமலே கிடந்திருக்கிறது. எழுத்தை நீக்கியதும் ஏலியன்கள் தெளிவாகவே புத்திசாலிகளாயின. கேமின் மற்றக் குறைகள் அப்படியே இருந்தன என்றாலும், இத்தனை பேர் உழைத்த ஒன்றில் இது யார் கண்ணிலும் படவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

லெகோ ஸ்டார் வார்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2005-இல் வந்தபோது வசனமே கிடையாது. பொம்மைகள் வெறும் சைகையாலேயே படங்களின் கதையை நடித்துக் காட்டின. இறந்தால் கையிலிருக்கும் சில்லுகள் சிதறும், உடனே உயிர்த்தெழலாம். இன்னொருவர் பாதியில் வந்து சேரலாம், விலகலாம். பெரியவரும் குழந்தையும் சேர்ந்து ஆட இதைவிட நல்ல திரைப்பட கேம் அப்போது இல்லை.

2010-ஐ ஒட்டி இந்த வகை கேம்கள் திடீரெனக் குறைந்துபோயின. உயர்தரக் காட்சிகளோடு ஒரு கேமைச் செய்ய மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கத் தொடங்கின. படமோ அதற்கு முன்பே வந்துவிடும். மலிவான கேம்களின் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது. குழந்தைப் படங்களின் உரிமத்தைப் பெரிதும் நம்பியிருந்த டி.எச்.க்யூ. நிறுவனம் 2013-இல் கலைந்தது. இது நல்லதற்கே என்று நினைக்கிறேன். அதன் பிறகு வந்தவை வெளியீட்டு நாளுக்கு ஓடாமல், பழைய படங்களை நிதானமாகத் திரும்பிப் பார்த்துச் செய்யப்பட்டவை.

டெயான் என்ற போலந்து நிறுவனத்தின் கதை இதற்கு அழகான உதாரணம். 2014-இல் அவர்கள் செய்த ராம்போ கேம் கடுமையாகத் திட்டு வாங்கியது. 2019-இல் டெர்மினேட்டரை வைத்து ஒன்று செய்தார்கள். குறைகள் இருந்தாலும் படத்தின் மீதுள்ள அன்பு தெரிந்தது. 2023-இல் ரோபோகாப்: ரோக் சிட்டி வந்தது, 1987 படத்தின் நாயகன் பீட்டர் வெல்லரே குரல் கொடுத்தார். அதில் ரோபோகாப்பால் குதிக்க முடியாது. ஒவ்வோர் அடியும் இரும்புப் பாளம் விழுவது போல் தரையில் இறங்குகிறது. குண்டுமழைக்கு நடுவே பதுங்காமல் மெதுவாக நடந்து போகிறோம். இடையில் தெருவில் தவறாக நிறுத்திய காருக்கு அபராதச் சீட்டு எழுதுகிறோம். காவல் நிலைய மேசையில் உட்கார்ந்து பொதுமக்களின் புகார்களைக் கேட்கிறோம். இயந்திரத்துக்குள் சிக்கிய ஒரு காவலரின் கடமையுணர்வு அந்த அபராதச் சீட்டில் இருக்கிறது. படத்தை உண்மையாகவே புரிந்துகொண்டவர்களுக்குத்தான் அது தோன்றும்.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் இந்த வரிசையில் சேரும். 1981 படத்தின் தொடக்கக் கோயில் காட்சியை அப்படியே ஆடவிட்டு ஆரம்பித்து, பிறகு 1937-இல் நடக்கும் தனிக்கதைக்குப் போகிறது. துப்பாக்கி கையில் இருந்தாலும் அதை எடுக்கத் தோன்றாது. கையில் கிடைத்த வாணலி, துடைப்பம் என்று எதையாவது தூக்கி அடித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போகலாம்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ஒரு நடைமுறைச் சிக்கலை முதலில் சொல்ல வேண்டும். திரைப்பட உரிமம் காலவரையறை உள்ளது. ஒப்பந்தம் முடிந்தால் கேமை விற்க முடியாது. அதனால்தான் ஸ்பைடர்மேன் 2-ஐப் பழைய வட்டு இருந்தால் மட்டுமே ஆட முடிகிறது. கோல்டன்ஐ 2023 ஜனவரியில் இன்றைய கருவிகளுக்குத் திரும்ப வந்துவிட்டது. ஏலியன்: ஐசோலேஷனும் ரோபோகாப்பும் எளிதாகக் கிடைக்கின்றன, ஏலியனை இரவில் காதொலிப்பானோடு ஆடுங்கள், நடுவே சோர்ந்தால் நிறுத்திவைத்து ஒரு வாரம் கழித்துத் தொடருங்கள். டிஸ்னியின் பழைய கேம்களைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். 2021-இல் அதில் கேப்காமின் அலாதீனும் சேர்ந்துகொண்டது. ஆகவே இரண்டு அலாதீன்களும் இப்போது ஒரே தொகுப்பில் இருக்கின்றன. இரண்டிலும் முதல் சந்தை லெவலை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, படத்தின் அந்தக் காட்சியைப் பார்த்த கையோடு ஆடிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.